வசூலும் வாடிய முகமும்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கமும் மூட்டு வலி பற்றி. நாலாவது பக்கத்தில்தான், போகிற போக்கில் சொல்வது போல, மனசில் கிடந்ததைக் கொட்டியிருக்கிறார்.

அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். அவனுக்குப் பிடித்த நடிகரின் படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியாயிற்று. பேய்ப் படம்தான், ஆனால் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற பேய். முதல் காட்சி பார்த்துவிட்டு வந்தவன் வீட்டில் அந்தப் பேய் மாதிரியே நடந்து காட்டினானாம். பாட்டிகூட மாத்திரை போட மறந்து சிரித்தாராம். சாயங்காலம் ஃபோனில் வசூல் கணக்கு வந்தது. அவ்வளவுதான், பையன் முகம் செத்துப் போச்சு. "ஓப்பனிங் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. திங்கட்கிழமைதான் தெரிந்தது: தேர்வுக் கட்டணத்துக்குக் கொடுத்த பணத்தில் பன்னிரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறான். பார்ப்பதற்கு இல்லை! தியேட்டர் காத்து வாங்குகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, ஃபோனில் காலியாகத் தெரிந்த சீட்டுகளை நிரப்புவதற்கு! அவன் அப்பா, "எவன் வீட்டு எழவுக்கோ நீ ஏன்டா அழறே?" என்று ஒரு போடு போட்டாராம். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசுவதில்லை.

"நான் யார் பக்கம் பேசறது அக்கா?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த அப்பாவுக்கு ஒரு வார்த்தை. நம் தலைமுறை மட்டும் ஒழுங்கா என்ன? எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று திண்ணையில் உட்கார்ந்து சட்டையைக் கிழித்துக்கொண்டவர்கள் யார் வீட்டு ஆண்பிள்ளைகள்? படம் நூறு நாள் ஓடியதா, வெள்ளி விழா கண்டதா என்று விரல் விட்டு எண்ணினோமே! ஒரே வித்தியாசம், அப்போது நாளையும் வாரத்தையும் எண்ணினோம். படம் முதலில் பெரிய ஊர்களில் ஓடும், பிறகு சின்ன ஊர், கடைசியில் டூரிங் டாக்கீஸ் என்று பெட்டி மெதுவாக ஊர் ஊராய்ப் போகும். முதல் வாரம் கூட்டம் இல்லாவிட்டாலும், "நல்லாயிருக்காம்டீ" என்று தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் பேசினால் மூன்றாவது வாரம் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுவார்கள். இன்றைக்கு நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் ஒரே நாளில் போடுகிறார்கள். அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளிலேயே படத்துக்கு ஜாதகம் எழுதி முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பதறாமல் என்ன செய்வார்கள்?

அடுத்தவன் தோற்றால் இவனுக்கு ஏன் வலிக்க வேண்டும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1976-ல் ராபர்ட் சியால்டினி என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சனிக்கிழமை கால்பந்தில் தங்கள் பல்கலைக்கழகம் ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை அதன் பெயர் போட்ட பனியனை நிறையப் பேர் மாட்டிக்கொண்டு வருவார்களாம். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் "நாங்க ஜெயிச்சோம்". தோற்ற ஆட்டத்தைக் கேட்டால் "அவங்க தோத்துட்டாங்க". எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! நம் ஈரோட்டுப் பிள்ளைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. "போச்சும்மா" என்றானே தவிர, "அவங்களுக்குப் போச்சு" என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கென்னவோ அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது.

இது வெறும் மனசோடு நிற்கிற சமாசாரமும் இல்லை. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பிரேசில் இத்தாலியை வென்றது. அமெரிக்காவில் டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நாட்டு ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பிரேசில் ரசிகர்களுக்கு ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. நாற்காலியை விட்டு எழாமல் பார்த்தவர்களுக்கே இப்படி! ஆகவே, "சும்மா நடிக்கிறான்" என்று சொல்லாதீர்கள். அவன் உடம்புக்குத் தோல்வி தோல்விதான்.

சரி, அந்த வசூல் கணக்கு உண்மையில் எதைச் சொல்கிறது? இங்கேதான் எனக்கு அமெரிக்காவில் பார்த்த ஒரு படம் ஞாபகம் வருகிறது. 2019-ல் மகளின் பிரசவத்துக்காக பாஸ்டன் பக்கம் ஆறு மாதம் போயிருந்தேன். அக்டோபர் மாதம் வந்தது, வீட்டுக்கு வீடு வாசலில் பூசணிக்காய். நாம் திருஷ்டி கழிக்க உடைப்பதை அவர்கள் கண், மூக்கு வெட்டி உள்ளே விளக்கு வைக்கிறார்கள். அக்டோபர் 31 அவர்களுக்குப் பேய்ப் பண்டிகை, ஹாலோவீன். அந்த மாதம் டி.வி.யைப் போட்டால் 'ஹோகஸ் போகஸ்' என்ற படம் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய பேரன் வசனத்தையெல்லாம் கூடவே சொல்கிறான்!

கதை இதுதான். முன்னூறு வருஷத்துக்கு முன் தூக்கிலிடப்பட்ட மூன்று சூனியக்கார அக்கா தங்கைகள், ஒரு பையன் விளையாட்டாக மெழுகுவர்த்தி ஏற்றியதால் 1993-ல் உயிரோடு வந்துவிடுகிறார்கள். குழந்தைகளின் உயிரை உறிஞ்சினால்தான் இளமை நிற்கும். பயங்கரமாக இருக்கிறதா? ஆனால் பறப்பதற்குத் துடைப்பம் கிடைக்காமல் ஒருத்தி வாக்குவம் கிளீனர் மேல் ஏறிப் பறக்கிறாள்! நான் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. பெட் மிட்லர், சாரா ஜெஸிகா பார்க்கர், காத்தி நஜிமி மூன்று பேரும் பின்னி எடுத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட படம் வெளிவந்தபோது எப்படி ஓடியது என்று மருமகனிடம் கேட்டேன். அவர் தேடிப் பார்த்துச் சொன்னதைக் கேட்டு அசந்து போனேன். ஹாலோவீன் கதையை டிஸ்னி கம்பெனி வெளியிட்டது எப்போது தெரியுமா? 1993 ஜூலை 16-ந் தேதி. நட்ட நடுக் கோடை! பொங்கல் படத்தை அக்னி நட்சத்திரத்தில் போடுகிற மாதிரி. அன்றைக்கே 'ஃப்ரீ வில்லி' என்று ஒரு திமிங்கலப் படமும் வந்தது. ஏற்கெனவே 'ஜுராசிக் பார்க்' டைனோசார்கள் தியேட்டர்களை ஆக்கிரமித்திருந்தன. முதல் மூன்று நாள் வசூல் சுமார் 81 லட்சம் டாலர், நாலாவது இடம். படம் எடுக்க ஆன செலவோ 2 கோடியே 80 லட்சம் டாலர். கடைசி வரைக்கும் ஓடி அமெரிக்காவில் வந்தது 3 கோடியே 90 லட்சத்துக்குச் சற்று மேல். செலவை விட அதிகம்தானே என்று நினைக்காதீர்கள். டிக்கெட் விற்ற பணத்தில் தியேட்டர்காரர் பங்கு போக வேண்டும், விளம்பரச் செலவு போக வேண்டும். கையைக் கடித்துவிட்டது. ரோஜர் ஈபர்ட் என்ற பெரிய விமர்சகர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்தப் படத்தை அன்றைக்குப் பார்த்த பொடிசுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. டி.வி.யில் அக்டோபருக்கு அக்டோபர் போட்டார்கள், வருஷம் தவறாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களே அம்மாவாகித் தங்கள் பெண்களுக்கு அந்தச் சூனியக்காரிகள் போல உடை தைத்துப் போட்டார்கள். 2020-ல் கொரோனாவால் புதுப் படம் இல்லாமல் தியேட்டர்கள் தவித்தபோது இதைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டார்கள். அந்த வாரம் அமெரிக்க வசூலில் அதற்கு இரண்டாவது இடம்! பிறந்தபோது நாலாவதாக வந்தது, இருபத்தேழு வயதில் இரண்டாவதாக வந்தது.

அந்தக் கதை நடக்கிற சேலம் என்ற ஊருக்கும் போய்வந்தேன். (நம்ம சேலம் இல்லை! மாம்பழம் கிடைக்காது.) ஹாலோவீன் கூட்டம், தெருவெல்லாம் கூம்புத் தொப்பி. ஆனால் அங்கே 1692-ல் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி நிஜமாகவே 19 பேரைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். அதில் 14 பேர் பெண்கள். அவர்களுக்காக வைத்திருக்கிற கல் பலகைகளின் முன் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பி விற்கிற கடைக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஊர் பிழைப்பு அப்படி.

பேயும் சிரிப்பும் கலந்த படத்தை விற்பதே கஷ்டமான வேலை என்று தோன்றுகிறது. பயப்பட வருகிறவனுக்குப் பயம் போதாது, சிரிக்க வருகிறவள் குழந்தை பயப்படுமோ என்று தயங்குவாள். 2009-ல் 'ஜெனிஃபர்ஸ் பாடி' என்று ஒரு படம். இது குழந்தைகளுக்கானதல்ல. எழுதியவர் டயாப்லோ கோடி, இயக்கியவர் கேரின் குசாமா, இருவரும் பெண்கள். இரண்டு பள்ளித் தோழிகளின் கதை. ஒருத்திக்குப் பேய் பிடித்துப் பையன்களைத் தின்கிறாள். விளம்பரத்தையோ கதாநாயகியின் அழகை மட்டும் காட்டி வாலிபப் பையன்களுக்கென்றே செய்தார்கள். முதல் மூன்று நாள் 70 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. பத்து வருஷம் கழித்து இளம் பெண்கள் அதைத் தேடிப் பிடித்து, "இது எங்க கதையாச்சே" என்றார்கள். புடவையை வேட்டிக் கடையில் வைத்து விற்றால் புடவையின் பேரிலா குற்றம்?

அதனால் ஈரோட்டுச் சகோதரி, நீங்கள் யார் பக்கமும் பேச வேண்டாம். பையனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வெள்ளிக்கிழமை பாட்டியைச் சிரிக்க வைச்சியே, அது எந்தக் கணக்குல வருது?" சாயங்காலம் வந்த எண் அந்தச் சிரிப்பைப் பற்றியது இல்லை. அது பணம் போட்ட தயாரிப்பாளருக்கும், ஏரியா வாங்கிய விநியோகஸ்தருக்கும், தியேட்டர்காரருக்கும் உரிய கணக்கு. அவர்கள் கவலைப்பட நியாயம் இருக்கிறது, கடன் வாங்கியிருப்பார்கள். தேதி தப்பியதோ, விளம்பரம் தப்பியதோ, மழை பெய்ததோ, படமே சுமார்தானோ, எதுவும் உங்கள் பிள்ளை பன்னிரண்டு சீட்டு வாங்கித் தீர்கிற சங்கதி இல்லை.

பன்னிரண்டு டிக்கெட் பணத்தை மட்டும் விடாதீர்கள். அதைப் படத்தோடு முடிச்சுப் போட்டுத் திட்டாமல், தனியாக, கோபம் ஆறிய பிறகு பேசுங்கள். கட்டணத்தை நீங்கள் கட்டிவிட்டு, மாதா மாதம் அவன் கைச்செலவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். இராத்திரி ஃபோன் கூடத்து அலமாரியில் தூங்கட்டும், அவன் அறையில் தூங்கட்டும். இரண்டு ராத்திரி கண் விழித்தாலே தலைவலியும் எரிச்சலும் வரும், அதற்கு நடிகர் காரணமில்லை. "சாப்பிடு, சாப்பிடு" என்று கெஞ்சாதீர்கள். சூடாக ரசமும் சுட்ட அப்பளமும் மேஜையில் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள், வாசனை கூப்பிடும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடுத்த பட டீசர் வந்து எல்லாம் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, காலேஜ் போக மாட்டேன் என்கிறான், வாழ்க்கையே வெறுத்த மாதிரி பேசுகிறான் என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அப்போது காரணம் சினிமாவாக இருக்காது, வேறு ஏதோ இதன் பின்னால் ஒளிந்திருக்கும்.

'ஹோகஸ் போகஸ்' படத்துக்கு இரண்டாம் பாகமும் வந்தது, 2022 செப்டம்பர் 30-ந் தேதி. இந்தத் தடவை புத்தியாக ஹாலோவீனுக்கு ஒரு மாதம் முன்னால். தியேட்டருக்கே போகவில்லை, நேரே வீட்டு டி.வி.க்கு வந்துவிட்டது. டிக்கெட் இல்லை, ஹவுஸ்ஃபுல் போர்டு இல்லை, முதல் நாள் வசூலும் இல்லை. அப்பாடா, ரசிகர்கள் நிம்மதியாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். மருமகன் சிரிக்கிறார். அமெரிக்காவில் முதல் வாரம் மட்டும் 270 கோடி நிமிஷம் பார்த்தார்களாம். அதையும் ஒரு கம்பெனி உட்கார்ந்து எண்ணியிருக்கிறது!