பஃப் கொடுக்கப் பயப்படாதீர்கள்



மார்கழிப் பனி ஒரு பக்கம், போகிப் புகை ஒரு பக்கம். வீசிங் உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கும் காலம் இது. "பஃப் வேண்டாம் டாக்டர், சிரப்பே குடுங்க. பஃப் பழகிடுமாம்" என்று கேட்காத வீடு குறைவு.

இழுப்பை அடக்கத் தரும் சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். ஒரு பஃப், அதாவது இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம்தான். 20 தடவை அழுத்தினால்தான் அந்தச் சிரப்பின் அளவு சேரும்! சிரப் வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்த பிறகே நுரையீரலுக்கு வருகிறது; உடம்பெல்லாமும் சுற்றுகிறது. படபடப்பும் கைநடுக்கமும் அதில்தான் அதிகம். பஃப் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அடிமையாக்கும் மருந்தும் அல்ல அது.

ஆனால் இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல் இல்லாமல் சின்னப் பிள்ளையின் வாயில் நேராக அடித்தால் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, அதன் மாஸ்க்கை முகத்தில் இடைவெளி இல்லாமல் பதித்து, ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். பிள்ளை ஐந்தாறு மூச்சு இழுத்து விடட்டும். அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்க வேண்டும். அவசரத்தில் இரண்டைச் சேர்த்து அடித்தால் மருந்துதான் வீண்.

ஸ்பேசரை மாதம் ஒருமுறையாவது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். துணியால் துடைக்கவே கூடாது. தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகள்கள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தானாகக் காயட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. தினமும் போடச் சொன்ன புடெசொனைடு போன்ற தடுப்பு இன்ஹேலரை, இருமல் நின்றதுமே நாமாக நிறுத்திவிடுகிறோம். வெளியே சத்தம் அடங்கினாலும் மூச்சுக்குழாயின் உள்வீக்கம் இருக்கத்தான் செய்யும். டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். இந்த பஃப் எடுத்ததும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம்.

இழுப்பை உடனே அடக்கும் இன்ஹேலர் பள்ளிக்கூடப் பையிலும் ஒன்று இருக்கட்டும். வகுப்பு டீச்சருக்கும் கொடுக்கத் தெரிந்திருக்கட்டும். பஃப் கொடுத்தும் பிள்ளை பேசத் திணறினால், விலா இடுக்கில் சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்