மீண்டும் பாடும்போது எவருடைய குரல்?

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு வார இடைவெளியில், இரண்டு பழைய பாடல்கள் புத்துருவம் பெற்றன. ஜனவரி 26 அன்று, தூர்தர்ஷன் காலத்து 'மிலே சுர் மேரா தும்ஹாரா', 'பிர் மிலே சுர்' என்ற பெயரில் ஜூம் தொலைக்காட்சியில் வெளியானது. பிப்ரவரி 1 அன்று, ஹைட்டி நிலநடுக்க நிவாரணத்துக்காக 'வி ஆர் தி வேர்ல்ட்' லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடியும் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. இரண்டிலும் ஏ.ஆர். ரஹ்மான் பங்கேற்றார். பழைய பாடலைப் புதிய தலைமுறைக்காகத் திரும்பப் பாடுவதில் என்ன தவறு என்று கேட்பார்கள். தவறே இல்லை. எவர் பாடுகிறார், எவரைப் பற்றிப் பாடுகிறார் என்பதில்தான் எங்களுக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் நம் நாட்டுப் பாடலைப் பார்ப்போம். 'மிலே சுர்' நிதி திரட்டிய பாடல் அன்று, ஒருமைப்பாட்டுக்காகப் பாடப்பட்டது. ஆனால் நட்சத்திரங்களை ஒரே பாடலில் கூட்டும் அதே அமைப்பு கொண்டது. 1988 ஆகஸ்ட் 15 அன்று, செங்கோட்டையில் பிரதமர் உரை முடிந்ததும் முதன்முதலாக ஒளிபரப்பானது. ஏறத்தாழ ஆறே நிமிடம்; பதினான்கு மொழிகள். கொடைக்கானல் பாம்பார் அருவியருகே பீம்சேன் ஜோஷி தொடங்கிவைத்தார். தமிழுக்கு பாலமுரளிகிருஷ்ணா பாட, கமல்ஹாசனும் ரேவதியும் கே.ஆர். விஜயாவும் தோன்றினார்கள். அதே பாடலில் மலையாள வரிக்கு வாயசைத்தவர் யானைமேல் அமர்ந்திருந்த ஒரு பாகன். அவருக்கும் லதா மங்கேஷ்கருக்கும் ஒரே பாடலில் இடம் இருந்தது. பெயர் தெரியாத மனிதர்களும் பெயர் பெற்றவர்களும் ஒரே மெட்டுக்குக் கட்டுப்பட்டதே அதன் அழகு.

2010-இல் பாடல் பதினாறு நிமிடங்களாக நீண்டது. இயக்கியவர் அதே கைலாஷ் சுரேந்திரநாத். இசையில் அதே லூயி பாங்க்ஸ். திறமைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இந்தித் திரையுலகின் முகங்கள் பெருகப் பெருக, அந்தப் பாகனுக்கு உரிய இடம் சுருங்கிப்போனது. நாட்டின் பாடல், நட்சத்திரங்களின் அணிவகுப்பாக மாறிவிட்டது.

நிவாரணப் பாடல்களில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. அங்கே விடுபடுகிறவர் துயரப்பட்டவர். 1984-இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் எழுதிய 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்' பாடலை எடுத்துக்கொள்வோம். நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் வேரூன்றிய நாட்டைப் பார்த்து, கிறிஸ்மஸ் தெரியுமா என்று கேட்டது அது. நீல நைல் பிறக்கும் நாட்டுக்காக எழுதிய பாடலில் ஆப்பிரிக்காவை ஆறே ஓடாத நிலமாகச் சித்திரித்தது. 2014-இல் எபோலாவுக்காக வரிகளை மாற்றிப் பாடியபோது, கானா வம்சாவளியைச் சேர்ந்த பாடகர் ஃபியூஸ் ஓடிஜி அதில் சேர மறுத்தார். ஆப்பிரிக்காவை எப்போதும் இரங்கத்தக்கதாகவே காட்டுவது உதவியைவிடக் கெடுதியையே அதிகம் செய்கிறது என்பது அவருடைய வாதம். 2024-இல் நாற்பதாம் ஆண்டுக்காகப் பழைய பதிவுகளைக் கலந்து வெளியிட்டபோது, தன்னைக் கேட்டிருந்தால் சம்மதித்திருக்கமாட்டேன் என்றார் எட் ஷீரன். பாட மறுத்தவரின் சொல், பாடியவரையும் பத்தாண்டு கழித்து யோசிக்க வைத்திருக்கிறது.

பணம் வந்ததே, பசி ஆறியதே என்பார்கள். உண்மைதான். 1985-இன் 'வி ஆர் தி வேர்ல்ட்' ஆறு கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. அதை நாங்கள் இகழவில்லை. சோறு இடுகிறவன் கையைக் குறை சொல்வது எங்கள் மரபும் அன்று. ஆனால் இலையில் உட்கார்ந்திருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்பதும் விருந்தோம்பலில் சேர்ந்ததுதானே?

செல்லிப்பட்டிலிருந்து பார்க்கும்போது இது வெறும் அழகியல் விவகாரமாகத் தெரியவில்லை. எங்களுடையது சங்கராபரணி ஆற்றங்கரை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை கொட்டியது, ஆறு பெருக்கெடுத்தது. நாளை எவரேனும் இப்பகுதிக்காக ஒரு பாடல் செய்யலாம். அதில் நாங்கள் கூரைமேல் கைநீட்டி நிற்கும் கூட்டமாக மட்டும் வரவேண்டுமா? செஞ்சி மலைப்பக்கமிருந்து வரும் நீரின் குணத்தையும், பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணையையும், எந்த வயலில் வெள்ளம் முதலில் ஏறும் என்பதையும் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குரல் இரவல் தேவையில்லை, ஒலிவாங்கிதான் தேவை.

ஹைட்டிக்கான பதிவில் எண்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் பாடினார்கள். அவர்களுள் ஹைட்டியில் பிறந்த வைக்லெஃப் ஜானும் ஒருவர். புதிய ராப் வரிகளும் குரலைத் திருத்தும் கருவியும் அப்பாடலின் வயதைக் குறைத்திருக்கலாம். அதைப் புதுப்பித்தது அவருடைய குரல் என்றே சொல்வோம்.

ஆகவே, ஒரு பழைய நிவாரணப் பாடலைக் கையில் எடுக்கும் இசையமைப்பாளருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. நட்சத்திரங்களை அழையுங்கள்; அவர்கள் வந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். ஆனால் பல்லவியை வெள்ளத்தில் நின்றவரிடம் கொடுங்கள். நட்சத்திரங்கள் பின்பாட்டுப் பாடட்டும்.