விளம்பரத்துக்கு முன் சோதனை

கொரோனா அச்சம் உச்சத்திலிருந்த 2020 ஜூன் 23-ஆம் தேதி, ஏழே நாளில் நூறு சதவீதக் குணம் என்ற அறிவிப்புடன் பதஞ்சலி நிறுவனத்தின் 'கொரோனில்' அறிமுகமானது. அன்றே அதன் விளம்பரத்தை நிறுத்தச் சொன்ன ஆயுஷ் அமைச்சகம், ஆய்வு விவரங்களையும் கேட்டது. ஆதாரமாகக் காட்டப்பட்டதோ, லேசான பாதிப்புள்ள சுமார் நூறு பேரிடம் நடந்த சோதனை. அத்தகையோரில் பெரும்பாலோர் மருந்தின்றியே தேறிவிடுவர். கூடுதல் நோயாளிகளிடம் பிறரும் சோதித்து, அதே முடிவைக் கண்டால்தான் அது மருந்து. அதுவரை வெறும் அனுமானமே.

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கிய 170-ஆவது விதி 2018-இல் கொண்டுவரப்பட்டது. அதே அமைச்சகம் 2024 ஜூலையில் அந்த விதியை நீக்கியது. நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், வழக்கு முடிந்த 2025 ஆகஸ்டில் விலகியது.

ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தண்டிக்க 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால், விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்ட நோயாளிக்குப் பின்னாளில் விதிக்கப்படும் அபராதத்தால் என்ன பயன்?

நேர்மையான பாரம்பரிய மருத்துவம் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. முன் அனுமதி விதியை மீட்பதே அரசின் கடமை.