ஓட்டு வாங்கியவர் மைக் பிடித்த கதை

பாட்டாளி மக்களின் ஓட்டில் பார்லிமெண்ட்டுக்குப் போன ஒருவர், பாதியில் அந்தப் பதவியை உதறிவிட்டு, டெலிவிஷனில் மக்கள் குறை கேட்கும் நிகழ்ச்சி நடத்தப் போனார். ஏறத்தாழ 17 ஆண்டுகள் நடத்தினார். அது முடிந்த பிறகு, வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் நாட்டுக்குத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் அரசியலுக்கு வந்தார். அவர் பெயர் ராபர்ட் கில்ராய்-சில்க். இங்கிலாந்துக்காரர். சீமையில் நடந்த சங்கதி நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டப் போகும் தோழர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். சொந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் பிழைப்பு நடத்தும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் இவர்.

1942-ல் பர்மிங்காமில் பிறந்தவர். தந்தை கடற்படைக் கப்பலில் கொதிகலன் அறை ஊழியர். இரண்டாம் உலகப் போரில் மாண்டுபோனார். தாய் மறுமணம் செய்துகொண்டது ஒரு கார் தொழிற்சாலைத் தொழிலாளியை. பெற்ற தகப்பனின் பெயர் சில்க், வளர்த்த தகப்பனின் பெயர் கில்ராய். இரண்டையும் சேர்த்துத் தம் பெயராக வைத்துக்கொண்டார். ஏழை வீட்டுப் பிள்ளை படித்து மேலே வந்து, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரானார். மார்க்சுக்குப் பிந்திய சோஷலிசத்தைப் பற்றி 1972-ல் ஒரு புத்தகமும் எழுதினார். 1974-ல் தொழிற்கட்சி அவரை ஓர்ம்ஸ்கர்க் தொகுதியில் நிறுத்தியது, வென்றார்.

அந்தத் தொகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் கர்க்பி என்று ஓர் ஊர். லிவர்பூல் நகரத்துச் சேரிகளை இடித்தபோது அங்கிருந்த ஜனங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். வீடு கொடுத்தார்கள், பக்கத்திலேயே தொழிற்சாலைகளும் வைத்தார்கள். பிறகு அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஃபிஷர்-பெண்டிக்ஸ் என்ற ஆலையை மூடப் போகிறார்கள் என்றதும் 1972-ல் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1974-ல் அதையே ஒரு கூட்டுறவாக எடுத்து நடத்தினார்கள். 1979-ல் அதுவும் மூடப்பட்டது. லிவர்பூல் வட்டாரத்து ஏழைகளில் மிகப் பலர், 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த அயர்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள். கில்ராய் என்பதே அயர்லாந்துப் பெயர்தான். ஆகப் பிழைக்க வந்தவர்களின் சந்ததி போட்ட ஓட்டில், பிழைக்க வந்தவர்களின் பெயரைத் தாங்கி நின்று வென்றவர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.யாக அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிறைச் சீர்திருத்தத்துக்கான அனைத்துக் கட்சிக் குழுவுக்குத் தலைவராக இருந்து, கைதிகளுக்காகப் பேசினார். கைதிக்காகப் பேசினால் ஓட்டு வராது, ஆனாலும் பேசினார். 1983-ல் தொகுதி எல்லைகள் மாறியபோது நோஸ்லி வடக்கு என்ற தொகுதிக்கு வந்தார். கர்க்பி அதிலேதான் இருந்தது. தாட்சர் அம்மையார் ஆட்சியில் நாடு முழுவதும் வேலையில்லாதவர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்த காலம். எந்தக் காலத்தில் தொகுதிக்கு ஒரு குரல் மிகவும் தேவைப்பட்டதோ, அந்தக் காலத்தில், 1986-ல், அவர் ராஜினாமா செய்தார். கட்சிக்குள் இருந்த மிலிட்டன்ட் என்ற தீவிரப் பிரிவு தம்மை விரட்டியடித்தது என்றார். தம் டைரியையே அதற்காகப் புத்தகமாகப் போட்டார். அந்தத் தகராறில் இரு பக்கத்திலும் குற்றம் இருந்திருக்கலாம். சங்கத்துக்குள் கோஷ்டிச் சண்டை என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கோஷ்டிச் சண்டையில் தோற்றவனுக்கு எல்லாம் பி.பி.சி.யில் நாற்காலி கிடைப்பதில்லை. இடைத்தேர்தல் நடந்தது 1986 நவம்பரில். அவருடைய டெலிவிஷன் நிகழ்ச்சி தொடங்கியதும் அதே நவம்பரில்தான்.

மறு ஆண்டிலேயே அந்த நிகழ்ச்சிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்: 'கில்ராய்'. காலை வேளை, வேலைக்குப் போகிறவர்கள் போன பிறகு, வீட்டில் இருக்கும் பெண்களும் முதியவர்களும் வேலையிழந்தவர்களும் பார்க்கும் நேரம். அரங்கத்தில் படிப்படியாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவே நடப்பார். கடன், விவாகரத்து, குடிகாரக் கணவன், அடங்காத பிள்ளை என்று நாளுக்கு ஒரு துயரம். அழத் தொடங்கும் பெண்ணின் பக்கத்தில் போய்ப் படியிலேயே உட்கார்ந்துகொள்வார். கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பார். கேட்பதில் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. நிகழ்ச்சியைத் தயாரித்துக் கொடுத்ததும் அவர் பெயரிலேயே நடந்த கம்பெனிதான். ஆக ஜனங்களின் கண்ணீருக்கு அவர் பூசாரி மட்டுமல்ல, தர்மகர்த்தாவும் அவரே.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ரெயில்வேயில் பயணி ஒருவர் புகார் எழுத வந்தால், கார்பன் வைத்து எழுதி அவருக்கு ஒரு பிரதி கிழித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். புகாருக்கு ஒரு நம்பர் உண்டு. இன்றைக்கு 139-க்குப் போன் பண்ணினாலும், ரெயில் மதத் என்ற செயலியில் போட்டாலும் ஒரு நம்பர் வருகிறது. அந்த நம்பர் இருக்கிறவரை யாரோ ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். பதில் உருப்படியாக இருக்குமா என்பது வேறு கதை. நானே அப்படிப்பட்ட பதில்களைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். பார்லிமெண்ட்டில் ஒரு எம்.பி. எழுந்து கர்க்பியில் ஏன் ஆலை மூடப்பட்டது என்று கேட்டால், அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அது அச்சில் ஏறும். அதே கர்க்பியில் ஆலை மூடியதால் குடிக்கத் தொடங்கிய கணவனின் மனைவி டெலிவிஷன் அரங்கத்தில் அழுதால், யார் பதில் சொல்ல வேண்டும்? அவள் கணவன்தான். ஆலை முதலாளி அந்த அரங்கத்தில் இல்லை. அமைச்சரும் இல்லை. குறை கேட்கிறார்கள், ஆனால் குறைக்குக் காரணமானவன் வாசலைக்கூட மிதிக்கவில்லை. வேலைபோன கதை, அரை மணி நேரத்தில் புருஷன்-பெண்டாட்டிக் கதையாகிவிடுகிறது.

எம்.பி. பதவியை விட்டு டெலிவிஷனுக்குப் போனவர் எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பிரையன் வால்டன் என்று ஒருவர். இவரும் தொழிற்கட்சிதான், பர்மிங்காம் எம்.பி. 1977-ல் விலகி 'வீக்கெண்ட் வேர்ல்ட்' நிகழ்ச்சிக்குப் போனார். அவர் எதிரே உட்கார வைத்தது அழுகிற ஏழையை அல்ல, ஆளுகிறவர்களை. 1989 அக்டோபரில் நிதியமைச்சர் லாசன் ராஜினாமா செய்த சமயம், அவர் ஏன் போனார் என்று தாட்சரைத் திரும்பத் திரும்பக் கேட்டு மடக்கினார். பிரதமர் திணறியதை நாடே பார்த்தது. அவர் கொள்கைகளோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் மைக்கை எந்தப் பக்கம் நீட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் நாட்டில் நவ்ஜோத் சித்து பதவியை விடவேயில்லை, அமிர்தசரஸ் எம்.பி.யாக இருந்தபடியே சிரிப்பு நிகழ்ச்சிகளில் உட்கார்ந்து சிரித்தார். 2017-ல் பஞ்சாப் மந்திரியான பிறகும் சட்டத்தில் தடையில்லை என்று மாநில அட்வகேட் ஜெனரல் கருத்துச் சொல்லிவிட்டார். சட்டத்தில் தடையில்லாத காரியங்கள் உலகத்தில் எத்தனையோ!

கில்ராய்-சில்க்குக்கு வருவோம். 2004 ஜனவரி 4-ஆம் தேதி 'சண்டே எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது. எண்ணெய் தவிர அரபு மக்கள் உலகத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அவர் கேள்வி. ஓர் இனத்து ஜனங்கள் அத்தனை பேரையும் குண்டு வெடிப்பவர்கள், கைகால் வெட்டுபவர்கள், பெண்களை ஒடுக்குபவர்கள் என்று ஒரே கூடையில் போட்டு ஏசியிருந்தார். முந்திய ஆண்டே வெளிவந்த கட்டுரை தவறுதலாக மறுபடி அச்சாகிவிட்டது என்று சமாதானம் சொன்னார். முந்திய ஆண்டு எழுதினால் மட்டும் சரியா? பார்சல் ஆபீசில் நான் எடை போட்டு எழுதும் 1, 2, 3 எல்லாம் இந்தியாவில் பிறந்து, அரபு மொழியில் எழுதிய அறிஞர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனவை. வெள்ளைக்காரன் இன்றுவரை அவற்றை அரபு எண்கள் என்றுதான் சொல்கிறான். அந்த எண்களில்தானே கில்ராய்-சில்க் தம் சம்பளத்தையும் எண்ணினார்!

முஸ்லிம் அமைப்புகள் கண்டித்தன. இன சமத்துவ ஆணையம் விஷயத்தைப் போலீசுக்கு அனுப்பியது. பி.பி.சி. நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது. அந்த மாதமே அவர் வெளியேறினார். தாம் இனவெறியர் அல்ல என்று வாதாடினார். போகட்டும், ஆளை அளக்க நாக்கைவிடக் காலை நம்பலாம். கால் எங்கே போயிற்று என்று பார்ப்போம். அதே ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பியப் பார்லிமெண்ட் தேர்தலில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகக் கோரிய ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சியின் சார்பில் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் நின்று வென்றார். அந்த மே மாதம்தான் போலந்து உள்பட 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்திருந்தன. அங்கிருந்து வேலைக்கு வந்தவர்கள் பேச்சாகவே நாடு இருந்தது. அவருடைய கட்சி நாடு முழுதும் சுமார் 16 சதவிகித ஓட்டும் 12 இடங்களும் பெற்றது. டெலிவிஷன் முகம் அதற்கு உதவியது. அங்கே தலைமைப் பதவி கிடைக்காது என்று தெரிந்ததும் வெளியே வந்து, 2005 பிப்ரவரியில் வெரிட்டாஸ் என்று சொந்தக் கட்சி தொடங்கினார். லத்தீனில் உண்மை என்று பொருள். அந்தக் கட்சியின் முதல் கோஷமே குடியேறுவோரைத் தடுக்க வேண்டும் என்பது. மூன்று மாதத்தில் வந்த பொதுத்தேர்தலில் எரிவாஷ் தொகுதியில் நான்காவதாக வந்தார். ஜூலையில் தலைமையையும் விட்டார்.

தொழிற்கட்சிக்காரர் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்? பதவியாசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பதினேழு ஆண்டுகள் தினம் தினம் ஜனங்களின் ஆத்திரத்தைக் கேட்டு, ஆனால் அதை முதலாளியிடமோ அரசாங்கத்திடமோ ஒருநாளும் கொண்டுபோகாமல் இருந்தால், அந்த ஆத்திரம் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். நேற்று வந்தவன் வீட்டுக்குத்தான் போகும்.

பம்பாயில் இருந்த நம் பெரியவர்களுக்கு இது தெரிந்த கதை. ஒரு கார்ட்டூன்காரர் 1960-ல் 'மார்மிக்' வார இதழைத் தொடங்கி, ஆபீசுகளில் இருக்கும் தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டார். மராத்தி இளைஞனுக்கு வேலை இல்லை என்ற குறை பொய்யல்ல. அந்தக் குறை, வேலை கொடுக்க மறுத்தவன் வாசலில் போய் நிற்காமல், இட்லிக் கடை வாசலில் வந்து நின்றது. 1966-ல் அது சிவசேனா என்ற கட்சியாயிற்று. லுங்கி கட்டியவனை விரட்டு என்ற கூச்சலைக் கேட்டு ராத்திரி கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிலும் உண்டு. ஆனால் மராத்தித் தொழிலாளியின் வயிற்றில் அடித்தது யார்? 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகளை மூடி, அந்த நிலத்தில் மாளிகை எழுப்பியவர்கள் யார்? அவர்கள் லுங்கி கட்டியவர்கள் அல்ல.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக நெடுஞ்சாலையில் நடந்தபோது எத்தனை மைக்குகள் வந்தன! கால் கொப்புளத்தைக் காட்டச் சொன்னார்கள். குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நாடே பார்த்துக் கண் கலங்கியது, நானும் கலங்கினேன். மே 1-ஆம் தேதி ஷ்ராமிக் ஸ்பெஷல் ரெயில்கள் ஓடத் தொடங்கியபோது, இடம் கிடைத்தது பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு. பெயர், வயது, போக வேண்டிய ஜில்லா, ஆதார் நம்பர் என்று வரிசையாக எழுதி அதிகாரியிடம் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிய சங்கங்களின் ஆட்கள் ரெயில் ஏறினார்கள். அந்தப் பட்டியல் எழுதிய இளைஞர்களை எந்தக் காமிராவும் படம் பிடிக்கவில்லை.

கில்ராய்-சில்க் கதையில் ஒரு பகுதி பாக்கி. 2008-ல் அவர் மறுபடி டெலிவிஷனுக்குப் போனார். பிரபலங்களை ஆஸ்திரேலியக் காட்டில் கொண்டுபோய் விட்டு, பூச்சியையும் புழுவையும் தின்ன வைத்து வேடிக்கை காட்டும் நிகழ்ச்சி. யார் இருக்கலாம், யார் போகலாம் என்று பார்க்கிற ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். முதல் ஆளாக அவரைத்தான் வெளியேற்றினார்கள். அந்தக் காட்டில் இருந்த நாட்களிலும் அவர் கிழக்கு மிட்லண்ட்ஸ் மக்களின் ஐரோப்பியப் பார்லிமெண்ட் உறுப்பினர்தான். பதவிக்காலம் 2009 வரை இருந்தது.