பழைய கணினியைப் பழிக்காதீர்

இணையம் ஊர்கிறது என்றதும் பழைய மேசைக் கணினியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கக் கடன்படும் பெற்றோரைக் காண்கையில் மனம் வருந்துகிறது. குற்றம் பெரும்பாலும் கணினியின்பால் இல்லை; அதன் முதுகில் செருகிய சிறு கம்பியில்லாக் கருவியிடமே உள்ளது. அத்தகைய பழங்கருவிகள் பல 2003-இல் வந்த 802.11ஜி தரத்தவை. ஏட்டளவில் நொடிக்கு 54 மெகாபிட்; நடைமுறையில் அதில் பாதி கிட்டுவதே அரிது. இல்லத்திற்கு 100 மெகாபிட் இணைப்பு வாங்கியும் பயனென்ன? போதாக்குறைக்கு, இரும்புப் பெட்டியின் பின்னே சுவரோரம் அது ஒளிந்து கிடக்கிறது. அடுக்குமாடி வீடுகளிலோ அண்டை வீட்டார் அனைவரும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றனர், மைக்ரோவேவ் அடுப்பும் (அதுவும் உணவு வேளையில்!) இடையில் புகும்.

முதலில் ஒரு கம்பியால் கணினியை ரௌட்டருடன் நேரே இணைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கணினி குற்றமற்றது. கம்பி இழுக்க இயலாதோர், ரௌட்டர் இசைந்ததாயின், 5 கிகாஹெர்ட்ஸும் ஏற்கும் யு.எஸ்.பி. கருவியை வாங்கி, நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மேசைமேல் வைக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது என்பது வேறு செய்தி. அதையும் இதையும் குழப்பிப் புதுக் கணினி விற்போரிடம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.