நம்ம ஊரில் இலை எப்போது உதிரும்?



ஓர் ஆண்டில் எத்தனை பருவங்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு விரலை மடக்குவீர்கள். ஓவியப் போட்டியில் குளிர்காலம் வரையச் சொன்னால் பனி மூடிய வீடு, கம்பளிக் குல்லா என்று வெள்ளை வெளேரென்று வரைவீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலக்கோட்டிலும் அரூரிலும் யார் வீட்டுக் கூரையில் பனிக்கட்டி விழுந்தது?

அந்த நான்கு பருவங்கள் பொருந்துகிற ஊர் ஒன்றைப் பார்ப்போம். சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம். ஜனவரியில் அங்கே சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஜூலையில் 18, 19 டிகிரி. சுவீடனின் வானிலைத் துறை பருவத்தைக் காலண்டரை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாள் 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் கோடை வந்துவிட்டது. 5 நாள் பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் குளிர்காலம். தெற்கு சுவீடனில் சில ஆண்டுகளில் குளிர்காலம் வராமலே போய்விடுவதும் உண்டு!

இந்தக் கணக்கைத் தர்மபுரிக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழி விடியலில் நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நாளிலும் சராசரி 10 டிகிரிக்கு வெகு மேலே. அப்படியானால் நமக்கு 365 நாளும் கோடைதான். சிரிப்பு வருகிறது இல்லையா?

நமக்கென்று வேறு கணக்கு இருக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. தொல்காப்பியம் சொல்வது. ஆவணி, புரட்டாசி கார். அங்கிருந்து இரண்டிரண்டு மாதமாக எண்ணிக்கொண்டே வாருங்கள்.

இப்போது இலைக்கு வருவோம். பாடப் படத்தில் அக்டோபரில் இலை உதிரும். ஸ்டாக்ஹோமில் அது சரி. வெளிச்சமும் வெப்பமும் குறைவதால் மரம் இலையை விடுகிறது. நம் பக்கம் அக்டோபரில் மழை பெய்து காடெல்லாம் பச்சையாக நிற்கும். நம் மரங்கள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். மண்ணில் ஈரம் வற்றும்போது. தெருவில் வேப்பிலைச் சருகு குவிந்து, கிளையில் சிவந்த கொழுந்து துளிர்க்கும். தோப்புகளில் புளி உலுக்குவதும் அந்த நாட்களில்தான். கண் முன்னால் நடப்பதை விட்டுவிட்டு, பார்க்காத ஊரின் இலையை வரைந்து மதிப்பெண் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

இது ஓவியத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 2023-லும் 2024-லும் வெயில் கடுமையாக இருந்ததால் தமிழ்நாட்டில் பள்ளி திறக்கும் தேதி ஜூன் மாதத்தில் தள்ளிப்போனது. நல்லதுதான். ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதி! உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். வத்தல்மலையும் அடிவார ஊர்களும் ஒன்றாகுமா? தகர ஷீட் போட்ட வகுப்பும் ஓட்டுக் கட்டடமும் ஒன்றாகுமா? உங்கள் வகுப்பறை எத்தனை டிகிரி என்று யாரிடம் கேட்பது?

ஸ்டாக்ஹோமில் 1756 முதல் தினமும் வெப்பநிலையை எழுதி வருகிறார்கள். நூறு டிகிரி அளவை 1742-ல் வகுத்த செல்சியஸ், பக்கத்து ஊரான உப்சாலாக்காரர். (அவர் நீர் கொதிப்பதைப் பூஜ்யம் என்றும் உறைவதை 100 என்றும் வைத்திருந்தார். பிறகுதான் தலைகீழாக்கினார்கள்.) நாமும் சளைத்தவர்கள் இல்லை. சென்னை வானாய்வகத்தில் 1796-லேயே வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாப் பள்ளிகளிலும் ஒரு வெப்பமானி தொங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியரிடம் கேளுங்கள். ஒன்றை வராந்தா நிழலில், காற்று வரும் இடத்தில், உங்கள் நெஞ்சு உயரத்துக்கு மாட்டுங்கள். வெயில் படும் சுவரில் வேண்டாம். அது சுவரின் சூட்டைத்தான் காட்டும். இன்னொன்று வகுப்புக்குள்ளே. தினமும் காலை மணி அடித்ததும் ஒரு தடவை, மதியம் இரண்டரைக்கு ஒரு தடவை நோட்டில் எழுதுங்கள். வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கும் தேதியையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.