சங்கு ஊதாத ஆபீஸ்



ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர், வடசென்னையின் விம்கோ நகர். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம்தான் விம்கோ. அந்தப் பக்கம் எண்ணூரில் அசோக் லேலண்ட், இந்தப் பக்கம் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். இங்கே ஒரு காலத்தில் பல வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைவிடக் கம்பெனிச் சங்குக்குத்தான் மரியாதை. காலைச் சங்குக்கு முன்னால் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். ஷிஃப்ட் முடிகிற சங்கு கேட்டால் அடுப்பில் டீ ஏறிவிடும்.

அந்த வேலை சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால், அதற்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால், நடுவே அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்றும் அது சொன்னது.

2023 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு அதே 48 மணிதான் என்று அரசு சொன்னதையும் தொழிற்சங்கங்கள் ஏற்கவில்லை. கடைசியில் மே தினத்தன்று 'வாபஸ்' அறிவிப்பு வந்தது.

சட்டம் கேட்டபோது கொடுக்க மறுத்த அதே 12 மணி நேரத்தை, செல்போன் கேட்டால் சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறோமே, ஏன்?

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. ரயில் இங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். கிண்டி ஆபீஸுக்குப் போகிறவருக்கு அது யாரும் தொந்தரவு செய்யாத நேரமாக இருக்க வேண்டியது. ஆனால், காலாடிப்பேட்டை தாண்டுவதற்குள் ஆபீஸ் குரூப்பில் நாலு 'குட் மார்னிங்', ரெண்டு 'அர்ஜென்ட்'. பஞ்ச் வைப்பதற்கு முன்பே வேலை ஆரம்பித்தாயிற்று.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் 2008-ல் தன் குழுவோடு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இடையிடையே குறுக்கீடு வந்தவர்கள் வேலையை மெதுவாக முடிக்கவில்லை, வேகமாகவே முடித்தார்கள். கூடவே டென்ஷனும் எரிச்சலும் ஏறியிருந்தன. வேகமாக முடித்துவிடுவதால்தான் நமக்கும் 'எல்லாம் சமாளிச்சாச்சு' என்று தோன்றுகிறது. அந்த எரிச்சல் எங்கே போய் இறங்குகிறது? சாயங்காலம் ஹோம்வொர்க் நோட்டோடு வந்து நிற்கிற பிள்ளை மேல்தானே?

'பத்திலிருந்து பதினொன்றரை வரை மெசேஜ் பார்க்க மாட்டேன், அவசரம்னா கால் பண்ணுங்க' என்று குரூப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கால் வருவது அபூர்வம். பாதி அர்ஜென்ட் அதற்குள் தானாகவே ஆறியிருக்கும். கணக்கு, ரிப்போர்ட் என்று தலையைக் கொடுக்க வேண்டிய வேலையை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஹார்பர் கிளியரிங் ஆபீஸில் இருப்பவரிடம் போனைத் தள்ளி வை என்றால் சிரிப்பார். கன்டெய்னர் லாரி கேட்டில் நிற்கும்போது அவருக்குப் போன்தான் வேலையே. அவருக்கு ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் நுழைந்ததும் ஆபீஸ் குரூப்பை மியூட் செய்துவிடுங்கள். லாரி நகர்ந்த பிறகு வருகிற ஃபார்வர்டு எதுவும் காலை வரை கெட்டுப்போகாது.

இவ்வளவு பேசிவிட்டு வீட்டில் இருப்பவரை விட்டுவிட முடியுமா? அவருக்கு எந்தக் காலத்திலும் சங்கு ஊதியதில்லை. குக்கர் விசிலை எண்ணும்போதே தண்ணீர் வரும், காலிங் பெல் அடிக்கும், 'அம்மா, என் சாக்ஸ் எங்க?' என்று உள்ளேயிருந்து குரல் வரும். நேரத்தை நிர்வகிப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த சாக்ஸைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தினமும் ஒரு மணி நேரம் அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் முடிவெடுத்தால் என்ன? இன்றே பேசிவிடுங்கள். சாக்ஸ் பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருக்கும். எப்போதும் அங்கேதான் இருக்கிறது.